காத்திருப்பின் வர்க்கமூலம்

ஆயர் குரோவில் இரவு எட்டு மணிக்குக் கைப்பேசியில் சாப்பாடு சொல்கிறோம். அது எத்தனை நிமிடத்தில் வாசலுக்கு வரும்? மோட்டாரின் வேகத்தையும் கடைக்காரரின் சுறுசுறுப்பையும்தான் நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் அந்த நிமிடங்களைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வேறொன்றுக்கு இருக்கிறது. அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ரைடர்கள் வேலையில்லாமல் சும்மா நிற்கிறார்கள் என்பதே அது. சும்மா நிற்பவர்கள் கூடக்கூட நம் சாப்பாடு சீக்கிரம் வரும். சும்மா நிற்கும் நேரத்துக்கு அவர்களுக்குக் காசு கிடையாது.

சாப்பாடும் பொட்டலமும் கொண்டுவந்து தருகிறவர்களின் வருமானக் கவலையில் பாதி இதற்குள் அடங்கிவிடுகிறது. அதைப் புலம்பல் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. கணிதம் அப்படி ஒதுக்க விடாது.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் டோலில் இறங்கி மலாக்கா நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஆயர் குரோவைத்தான். மிருகக்காட்சி சாலை, தாவரவியல் பூங்கா, மினி மலேசியா, மாநில அரசின் செரி நெகிரி வளாகம் எல்லாம் அந்தப் பெரிய சாலையை ஒட்டியே இருக்கின்றன. புக்கிட் பெருவாங் பக்கம் போனால் மல்டிமீடியா பல்கலைக்கழகம். சமைக்க நேரமில்லாத மாணவர்கள், ஷிப்ட் முடிந்து வருகிற தொழிற்சாலைக்காரர்கள், புதுப்புது தாமான்களில் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் என்று ஓடர் போட ஆள் பஞ்சமில்லை. கொண்டுபோய்க் கொடுக்கவும் ஆள் பஞ்சமில்லை. சாயங்காலம் கடைவரிசைகளின் முன்னால் பார்த்தால் தெரியும். பச்சையும் இளஞ்சிவப்பும் ஆரஞ்சுமாகச் சட்டைகள், ஹேண்டில்பாரில் மாட்டிய கைப்பேசி, பின்னால் சதுரப் பை. பேசிக்கொண்டே இருப்பார்கள். கண் மட்டும் திரையை விட்டு நகராது.

அங்கே கேட்கக்கூடிய பேச்சு இந்த மாதிரி இருக்கும்: "ஓடருக்கு இவ்வளவுன்னு உள்ளது அப்படியேதான் இருக்கு அண்ணே. மாசக் கடைசியில கையில நிக்கிறதுதான் குறையுது. எங்க போவுதுன்னே தெரியல."

எங்கே போகிறது என்று தேடினால் வழி வானத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

1943இல் சுப்பிரமணியன் சந்திரசேகர், 'ரிவியூஸ் ஆஃப் மாடர்ன் பிசிக்ஸ்' என்ற ஆய்விதழில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பிற்பாடு நோபல் பரிசு பெற்ற அதே சந்திரசேகர்தான். தற்செயலால் நடக்கும் காரியங்களை இயற்பியலில் எப்படிக் கணக்கிடுவது என்பது கட்டுரையின் பொருள். அதன் பின்னிணைப்புகளில் ஒரு சின்னக் கேள்வி வருகிறது. விண்மீன்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் சராசரியாக எவ்வளவு தூரத்தில் இருக்கும்? ஜெர்மானியரான பால் ஹெர்ட்ஸ் 1909லேயே போட்டுவைத்த கணக்கு இது. சந்திரசேகர் அதைச் சில வரிகளில் வருவித்துக் காட்டினார்.

வானத்துக்கு மூன்று பரிமாணம் வேண்டும். ஆயர் குரோவுக்கு இரண்டு போதும். விண்மீன்களின் இடத்தில் ரைடர்களை வைத்துக்கொள்வோம். கடைவாசலில் ஒரு ஓடர் தயாராகிறது. மிக அருகில் சும்மா இருக்கும் ரைடர் எவ்வளவு தூரத்தில் இருப்பார்? விடை எளிமையானது. ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை பேர் சும்மா இருக்கிறார்களோ அந்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுங்கள். அரைக் கிலோமீட்டரை அதால் வகுங்கள். ஒருவர் இருந்தால் 500 மீட்டர், நான்கு பேர் இருந்தால் 250, பதினாறு பேர் இருந்தால் 125. சாலை நேர்க்கோட்டில் போவதில்லை. ஆயர் குரோ பெரிய சாலையில் எதிர்ப்பக்கக் கடைக்குப் போகவே யூ டர்ன் தேடி ஓட வேண்டும். அதனால் உண்மைத் தூரம் இதைவிடக் கூடும். ஆனால் அந்த வர்க்கமூலம் மட்டும் மாறாது.

தூரத்தைப் பாதியாக்க ஆளை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள். இன்னொரு முறை பாதியாக்க வேண்டுமானால் பதினாறு மடங்கு. வாடிக்கையாளர் சேமிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அடுத்தடுத்து அதிகமான பேர் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது.

இனி வெள்ளி சென்னில் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு வட்டாரத்தில் மணிக்கு 40 ஓடர்கள், ஒவ்வொன்றையும் முடிக்க அரை மணி நேரம். ஆக, எந்த நேரத்திலும் 20 பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். மொத்தம் 30 ரைடர்கள் செயலியைத் திறந்து வைத்திருந்தால் 10 பேர் காத்திருக்கிறார்கள். ஓடருக்கு 5 வெள்ளி என்றால் மணிக்கு 200 வெள்ளி. அதை 30 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 6 வெள்ளி 67 சென்.

இப்போது இன்னும் 30 பேர் சேர்கிறார்கள். ஓடர்கள் அதே 40தான். ஓடுகிறவர்கள் 20, காத்திருப்பவர்கள் 40. காத்திருப்போர் நான்கு மடங்கானதால் கடைக்கு வந்து சேரும் தூரம் பாதியாகிறது. ஆறு நிமிடம் பிடித்தது மூன்று நிமிடமாகலாம். நமக்கு லாபம் மூன்று நிமிடம். ரைடருக்கு? அதே 200 வெள்ளியை 60 பேருக்குப் பிரித்தால் மணிக்கு 3 வெள்ளி 33 சென். ஓடர் கட்டணத்தில் யாரும் ஒரு சென்கூடக் கைவைக்கவில்லை. வருமானம் பாதியாகிவிட்டது. எண்ணெய், டயர், பிரேக் தேய்மானம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

கைக்கு வருவது குறைந்ததற்கு இதுவே முதல் விடை. அது காத்திருப்பில் போகிறது. கட்டண முறையையே மாற்றிய சம்பவங்களும் உண்டுதான். மணிக்கு இவ்வளவு என்றிருந்த அடிப்படைத் தொகை எடுக்கப்படுவதை எதிர்த்து ஃபூட்பாண்டா ரைடர்கள் 2019இல் திரண்டார்கள். 2022 ஆகஸ்ட் 3 முதல் மூன்று நாட்களுக்கு, பல நிறுவனங்களின் ரைடர்கள் சேர்ந்து செயலியை அணைத்துவைக்கும் போராட்டம் நடத்தினார்கள். ஆனால் கட்டணம் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும், சண்டை போடலாம். காத்திருப்பு கூடுவது அப்படித் தெரிவதில்லை.

ஹெர்ட்ஸ் கணக்குப் போட்ட அதே 1909இல், கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற டேனிஷ் கணிதர் வேறொரு காத்திருப்பைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு எத்தனை தொலைபேசித் தடங்கள் போட்டால் பேச நினைப்பவருக்கு உடனே இணைப்புக் கிடைக்கும்? எல்லாத் தடமும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருந்தால் புதிதாக வருகிறவர் காத்துக் கிடக்க வேண்டும். எனவே கொஞ்சம் தடங்கள் எப்போதும் காலியாக இருந்தாக வேண்டும். எவ்வளவு என்பதைத்தான் அவர் கண்டுபிடித்தார். வரிசைக் கோட்பாடு என்ற துறையே அங்கிருந்து பிறந்தது. மருத்துவமனைக் கட்டில் முதல் இணைய சர்வர் வரை இன்று அந்தக் கணக்கில்தான் திட்டமிடுகிறார்கள். தொலைபேசித் தடத்துக்கான செம்புக்கம்பியை நிறுவனம் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அதனால் வேண்டிய அளவுக்கு மேல் ஒரு தடம்கூடப் போடவில்லை. ரைடர் விஷயத்தில் மோட்டார் அவருடையது, கைப்பேசி அவருடையது, காத்திருக்கும் நேரமும் அவருடையது. செம்புக்கம்பிக்குக் காட்டிய சிக்கனத்தை இங்கே காட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை. என்னைக் கேட்டால், பிரச்சினையின் வேர் இது ஒன்றுதான்.

ரைடர்களிடம் இன்னொரு மனக்குறை உண்டு. "கடைக்கு எதிர்லயே நின்னேன், எனக்கு விழல. எங்கேயோ இருந்து ஒருத்தன் வந்து எடுத்துட்டுப் போறான்." இதை ஓரவஞ்சனை என்றே பலர் நம்புகிறார்கள். எல்லா நேரமும் அப்படியல்ல. கணிதமே சில சமயம் அப்படிச் சொல்லும்.

இரண்டு ரைடர்கள், இரண்டு ஓடர்கள். முதல் ரைடருக்கு முதல் கடை 1 நிமிடம், இரண்டாம் கடை 2 நிமிடம். இரண்டாம் ரைடருக்கு முதல் கடை 2 நிமிடம், இரண்டாம் கடை 9 நிமிடம். பக்கத்தில் இருப்பவருக்கே கொடு என்றால் முதலாமவர் முதல் கடைக்குப் போவார், மற்றவர் 9 நிமிடக் கடைக்குப் போவார். மொத்தம் 10 நிமிடம். மாற்றிக் கொடுத்தால் 2 நிமிடமும் 2 நிமிடமும் சேர்ந்து 4. கடைவாசலில் நின்றவர் ஏமாந்ததாக நினைப்பார். ஆனால் மொத்த நேரம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இரண்டு பேர் என்றால் மனக்கணக்கு. பத்து ரைடர்களைப் பத்து ஓடர்களுக்கு ஜோடி சேர்க்க 36,28,800 வழிகள் உண்டு. இருபது என்றால் எண்ணி மாளாது. இதற்குக் குறுக்குவழி கண்டுபிடித்துக் கொடுத்தவர் அமெரிக்கக் கணிதர் ஹரால்டு கூன், 1955இல். ஹங்கேரியர்களான கோனிக், எகர்வாரி ஆகிய இருவரின் பழைய ஆய்வுகளை வைத்து அதைச் செய்ததால் 'ஹங்கேரிய முறை' என்று நன்றியோடு பெயர் வைத்தார். பல ஆண்டுகள் கழித்து ஒரு விசித்திரம் தெரியவந்தது. 1851இல் இறந்துபோன ஜேகோபி என்ற ஜெர்மானியக் கணிதர், லத்தீனில் எழுதிவைத்த கட்டுரையில் இதே முறையைக் கண்டிருந்தார். அவர் இறந்தபின் அது அச்சாகியும் யார் கண்ணிலும் படவில்லை. சமன்பாடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தவர் அவர். இன்றைய ஓடர் பிரிக்கும் கணினிகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த முறைகளைத்தான் பலவாறாக நீட்டியும் மாற்றியும் பயன்படுத்துகின்றன.

முறை எதைக் குறைக்கச் சொன்னாலும் குறைக்கும். மொத்த நிமிடத்தைக் குறை என்றால் அதைச் செய்யும். ரொம்ப நேரமாக ஓடர் விழாதவருக்கு முன்னுரிமை கொடு என்று ஒரு எண்ணைச் சேர்த்தால் அதையும் செய்யும். கணினிக்கு எல்லாம் ஒன்றுதான். எந்த எண்ணைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பவர் ஒரு மனிதர், அவர் இருப்பது ஓர் அலுவலகத்தில். "சிஸ்டம் அப்படி, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி நமக்குப் புதிதா? மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் 1896இல் வணிகத்துக்காக ரப்பர் நட்டு, பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் போட்டார். மலாயாவின் ரப்பர் தோட்ட வரலாறு இந்த மாநிலத்தில்தான் தொடங்குகிறது. அதன் பின்னால் வந்த தலைமுறைகள் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நிரை பிடித்து, பால்மரம் வெட்டி, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்தன. கூலி, வெட்டிய பாலைப் பொறுத்தது. ரப்பர் விலை ஏறினால் கூலி ஏறும், விழுந்தால் விழும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை.

ஸ்டோரில் நடந்த ஒரு காரியத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பாலின் எடையை மட்டும் வைத்துக் கூலி போட முடியாது. மரத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். மழைக்காலத்தில் தண்ணீர் கூடும். சிலர் வாளியில் கொஞ்சம் ஊற்றியும் வைப்பார்கள். எனவே உண்மையான ரப்பர் எவ்வளவு என்று அளந்தாக வேண்டும். அதற்கு மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவி இருந்தது. ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகவே ரப்பர் அதிகமுள்ள பாலின் அடர்த்தி குறைவு. அடர்த்தி குறைந்த திரவத்தில் மிதவை ஆழமாக இறங்கும், தண்ணீர்ப் பாலில் மேலே நிற்கும். தண்டில் உள்ள கோட்டைப் படித்தால் ரப்பரின் அளவு தெரிந்துவிடும். ஆர்க்கிமிடீஸின் தத்துவம் தோட்டத்து ஸ்டோரில் சம்பளம் போட்டது.

கிராணி சரியாகப் படித்தாரா, தராசு ஒழுங்கா என்று சண்டை வராத தோட்டம் இருந்திருக்காது. ஆனால் சண்டை போட ஒரு தராசும் ஒரு மிதவையும் கண்ணெதிரே இருந்தன. தொழிலாளி எட்டிப் பார்க்கலாம், சங்கத் தலைவரைக் கூப்பிடலாம். 1954இல் பி. பி. நாராயணன் தலைமையில் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம், வெட்டு அளவும் விலையும் கூலியும் எப்படி இணைய வேண்டும் என்பதை முதலாளிகளோடு உட்கார்ந்து பேசி எழுத்தில் வாங்கியது. நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதன் பிறகும் பல பத்தாண்டுகள் பிடித்தன. 2013இல் தீபகற்ப மலேசியாவில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. இன்று அது 1,700 வெள்ளி. ரைடருக்கு அது பொருந்தாது. சட்டத்தின் கண்ணில் அவர் ஊழியர் அல்லர்.

தோட்டத்துக் கூலியைக் கொடுமை என்றோம். சரிதான். ஆனால் அந்தக் கூலிக்கு ஒரு மிதவை இருந்தது. ரைடரின் கூலிக்கு அது இல்லை. இந்த ஓடருக்கு ஏன் இவ்வளவு, பக்கத்தில் நிற்பவருக்கு ஏன் வேறு, மழையில் ஏன் கூடியது, வெயிலில் ஏன் குறைந்தது, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொருவரின் பழக்கத்தையும் கவனித்து ஆளுக்கொரு விலை வைக்க இந்த முறை இடம் தருகிறது என்று அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் வீணா துபல் 2023இல் விரிவாக எழுதினார். இத்தாலியின் போலோனா நகர நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று ஒரு தீர்ப்பு சொன்னது. டெலிவரூ நிறுவனம் ரைடர்களைத் தரம் பிரிக்கப் பயன்படுத்திய கணிப்பு முறை, நோயால் வராதவரையும் வேலைநிறுத்தத்தால் வராதவரையும் காரணமில்லாமல் வராதவரையும் ஒரே தட்டில் வைத்ததால் அது பாகுபாடு என்றது அந்தத் தீர்ப்பு. அந்த முறைக்கு 'ஃபிராங்க்' என்று செல்லப்பெயர் வேறு வைத்திருந்தார்கள்.

ஆளில்லா வண்டியும் டிரோனும் வந்து வேலையைப் பறித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மாமாக் கடை நெரிசலில் தே தாரிக்கை வாங்கி, காவலாளியிடம் பேசி, லிஃப்ட் வேலை செய்யாத அடுக்குமாடியில் நாலாவது மாடி ஏறும் இயந்திரத்தை நம் ஊரில் நாளைக்கே பார்க்கப் போவதில்லை. அதற்கு முன்னால் வருவது அறுபதாவது ரைடர். அதைவிட முன்னால் வருவது, ஒருநாள் காலையில் கணக்கு முடக்கப்பட்டுவிட்டது என்ற அறிவிப்பு.

வர்க்கமூலத்தை மாற்ற முடியாது. ஆனால் காத்திருப்புக்கு விலை வைக்க முடியும். நியூயார்க் நகரம் அதைச் செய்து காட்டியது. 2019 பிப்ரவரியில் செயலி டாக்சி ஓட்டுநர்களுக்குக் குறைந்தபட்ச ஊதிய விதி அங்கே அமலுக்கு வந்தது. பொருளியலாளர்கள் ஜேம்ஸ் பாரட், மைக்கேல் ரைக் ஆகியோரின் ஆய்விலிருந்து பிறந்த சூத்திரம் அது. ஓட்டுநர் செயலியைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் எத்தனை விழுக்காடு பயணியோடு ஓடுகிறார் என்று பார்த்து, பயணத்துக்கான கட்டணத்தை அந்த விகிதத்தால் வகுக்க வேண்டும். தொடக்கத்தில் அது 58 விழுக்காடு.

நம் கற்பனை வட்டாரத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். 30 பேரில் 20 பேர் ஓடினால் விகிதம் மூன்றில் இரண்டு. 60 பேரில் 20 என்றால் மூன்றில் ஒன்று. ஓடிய நேரத்துக்கான கூலியை மூன்றில் இரண்டால் வகுத்தால் ஒன்றரை மடங்காகும், மூன்றில் ஒன்றால் வகுத்தால் மூன்று மடங்காகும். சும்மா நிற்கும் ஆள் கூடக்கூட நிறுவனத்தின் செலவு ஏறுகிறது. அதன் பிறகு நிறுவனமே சிக்கனம் பார்க்கத் தொடங்கும். நியூயார்க்கில் அப்படித்தான் நடந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஊபரும் லிஃப்டும் அங்கே புதிய ஓட்டுநர்களைச் சேர்ப்பதை நிறுத்தின.

இதில் வலியும் உண்டு, மறைக்க வேண்டாம். புதிதாகச் சேர நினைப்பவருக்குக் கதவு மூடும். பகுதி நேரமாக ஓட்டிப் படிப்புச் செலவைச் சமாளிக்கும் மாணவருக்கு நினைத்த நேரத்தில் செயலி திறக்காமல் போகலாம். 2024இல் நியூயார்க் ஓட்டுநர்களே இப்படி வெளியே நிறுத்தப்படுவதாகப் புகார் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம் என்பதும், ஓட்டுகிறவருக்குக் கட்டுப்படியாகும் வருமானம் வேண்டும் என்பதும் ஒன்றாக நடக்காது. நான் இரண்டாவதன் பக்கம்.

மலேசியாவில் 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் விபத்துப் பாதுகாப்புக்கு வழி செய்தது. வருமானத்தில் 1.25 விழுக்காடு சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குப் போகும். இந்த நாட்டின் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார்க்காரர்கள் என்பதால் அதை லேசாக எண்ணக்கூடாது. செயலி வழி வேலை பார்ப்பவர்களையும் உள்ளடக்கும் கிக் தொழிலாளர் மசோதா 2025 ஆகஸ்ட் 28 அன்று மக்களவையிலும் செப்டம்பர் 9 அன்று மேலவையிலும் நிறைவேறியது. சுமார் 12 லட்சம் பேருக்கு இது பயன்படும் என்றது அரசு. எழுத்தில் ஒப்பந்தம், தகராறு தீர்க்கத் தீர்ப்பாயம், அரசும் நிறுவனங்களும் தொழிலாளர்களும் உட்காரும் முத்தரப்பு ஆலோசனை மன்றம் ஆகியவை அதில் இருக்கின்றன. காரணம் சொல்லாமல் கணக்கை முடக்கும் பயத்துக்கு இது ஒரு தடுப்பு. பக்கத்தில் சிங்கப்பூர் 2025 ஜனவரி 1 முதல் தனிச் சட்டமே கொண்டுவந்து சேமநிதிக்கு நிறுவனங்களையும் பங்கு கட்ட வைத்துவிட்டது. தமிழ்நாடு 2023 டிசம்பரில் இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது.

ஆலோசனை மன்றத்தில் ஓடருக்கு ஐந்து வெள்ளியா ஆறு வெள்ளியா என்பதைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. ஓடர் கட்டணத்தை ஆறாக்கிவிட்டு ஆளை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும் என்பது மேலே போட்ட கணக்கிலிருந்தே தெரியும். ரைடர்கள் சார்பில் அங்கே உட்காருகிறவர்கள் முதலில் ஒரு எண்ணைக் கேட்க வேண்டும்: ஒவ்வொரு வட்டாரத்திலும், ஒவ்வொரு மாதமும், செயலி திறந்திருந்த மொத்த நேரத்தில் ஓடரோடு ஓடிய நேரம் எத்தனை விழுக்காடு? நிறுவனங்களின் கணினியில் இது நொடிக்கு நொடி இருக்கிறது. வெளியிடச் சொல்ல வேண்டும்.

அது வரும்வரை ஆயர் குரோ ரைடர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயலியைத் திறந்த நேரம், ஓடர் எடுத்த நேரம், கொடுத்து முடித்த நேரம், மூடிய நேரம் ஆகிய நான்கையும் ஒரு மாதத்துக்கு எழுதி வையுங்கள். பத்துப் பேர் சேர்ந்து எழுதினால், உங்கள் வட்டாரத்துக்கான எண் உங்கள் கையிலேயே இருக்கும்.